60 படிகளுக்குள் அடங்கிய அப்பப்பா

எங்கள் வீட்டில் அப்பப்பாவின் படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. 1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது அப்பம்மா காணி உறுதிகளோடு சேர்த்து ஒரு சொப்பிங் பைக்குள் சுற்றி எடுத்து வந்த, ஸ்ரூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. இப்போது வெளிறிப் பால்தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது; சால்வை எங்கே முடிகிறது, வேட்டி எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாது.

முதல் தடவை ஒரு கடையில் கொடுத்து ஸ்கான் செய்வித்தேன். அவர்கள் ஜேபெக் கோப்பாகத் தந்ததைக் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் திறந்து, எந்த வெளிச்ச அளவில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்தபோது, படத்தின் மிக இருண்ட இடம் ஏறத்தாழ 150, மிக வெளிச்சமான இடம் 210. அதாவது 0 முதல் 255 வரையுள்ள 256 படிகளில் அப்பப்பா முழுவதும் 60 படிகளுக்குள் அடங்கியிருந்தார். லெவல்ஸ் கருவியால் அந்த அறுபதையும் முழு நீளத்துக்கு இழுத்தபோது கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வந்தன. ஆனால் ஹிஸ்டோகிராம் பல்லிடைவெளி விட்ட சீப்பைப் போலாகி, கன்னத்தில் இருந்த மென்மையான நிழல் தேசப்படத்தின் உயரக்கோடுகளைப் போலப் பட்டை பட்டையாகப் பிரிந்தது. நான்கு படிக்கு ஒன்றாகத்தான் பெறுமானம் இருக்கிறது, இடையில் உள்ளவற்றை நிரப்ப எதுவும் இல்லை என்பதே காரணம்.

அந்த 256 படிகள் 8 பிட் கோப்புக்குரியவை. 16 பிட்டில் ஒரு நிறத்துக்கு 65,536 படிகள். ஸ்கானரே 16 பிட்டில் எடுத்துத் தந்தால், அதே குறுகிய இடைவெளிக்குள் 15,000க்கு மேற்பட்ட படிகள் இருக்கும். இழுத்தாலும் கண்ணுக்கு இடைவெளி தெரியாது. 8 பிட் ஜேபெக்கை மென்பொருளுக்குள் 16 பிட்டுக்கு மாற்றுவதால் இழந்தது திரும்பி வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பின் செய்யும் திருத்தங்களில் பின்னங்களை முழு எண்ணாக்குவதால் சேரும் சிறு பிழைகள் குறையும், அவ்வளவுதான்.

கிம்ப்பில் இந்த வசதி வர நெடுங்காலம் எடுத்தது. அப்பம்மா அந்தப் பையோடு தென்மராட்சிப் பக்கம் நடந்த அதே 1995இல்தான் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீற்றர் மற்றிஸ் என்னும் இரு மாணவர்கள் அதை எழுதத் தொடங்கினார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு பைட், அதாவது 8 பிட், என்ற எடுகோள் தூரிகை, வடிகட்டி, அடுக்கு என எல்லாவற்றின் அத்திவாரத்திலும் கலந்திருந்தது. மேலே ஒரு மாடி கட்டுவதுபோல 16 பிட்டைச் சேர்த்துவிட முடியாது; அத்திவாரத்தையே கிளற வேண்டும்.

திரைப்படக்காரர்களால் அவ்வளவு காலம் பொறுத்திருக்க முடியவில்லை. பெரிய திரையில் வானம் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அந்தக் காட்சியே கெட்டுவிடும் அல்லவா? 1990களின் இறுதியில் ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற காட்சி விளைவு நிறுவனத்தின் ஆதரவோடு கிம்ப்பின் நிரலை எடுத்து 16 பிட்டுக்கான தனிக்கிளை ஒன்று வளர்ந்தது. பிலிம் கிம்ப் என்றிருந்த அது பின்னர் சினிபெயின்ட் ஆயிற்று. முதன்மைத் திட்டமோ அந்த நிரலை உள்வாங்காமல், 2000இல் தொடங்கிய ஜெகல் என்ற புதிய பட இயந்திரத்தை நம்பிக் காத்திருந்தது. 2008இல் வந்த 2.6 பதிப்பில் ஜெகல் எட்டிப் பார்த்தது; 2012இன் 2.8இலும் 8 பிட்தான். உயர் நிற ஆழம் உண்மையாகக் கைக்கு வந்தது 2018 ஏப்ரலில், 2.10 பதிப்போடு.

நாங்கள் காணி பிரிக்கும்போது ஆளுக்கு இத்தனை பரப்பு என்று அளந்து, கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு எழுதி, நடுவே வேலி போடுவோம். யாரும் நிரலை எடுத்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருளில் கிளை பிரிவது அப்படியன்று. பிரிந்து போகிறவருக்கும் முழுக் காணியும் முழுக் கிணறும் கிடைக்கின்றன. இருக்கிறவருக்கும் ஒரு அங்குலம் குறைவதில்லை. பங்குபடுவது தண்ணீர் இறைக்கும் கைகள் மட்டுமே. சினிபெயின்ட் பழைய நிரலின்மேல் நின்றது. அதைப் புதுப்பிக்கப் போதிய ஆட்கள் இல்லாததால், தேவையான வசதியை இருபது ஆண்டுகள் முந்திக் கொடுத்தும் அது தேய்ந்து போயிற்று. ஆனாலும் அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது தனக்குரிய வேலையைச் செய்தது. 2019இல் கிம்ப் என்ற பெயர் பிடிக்கவில்லை என்பதற்காகப் பிரிந்த கிளிம்ஸ் என்ற கிளை 2021இல் நின்றுபோனதைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டேன். பெயர்ப்பலகையை மாற்றுவதற்காக ஒரு வீட்டையே பராமரிக்கும் பொறுப்பை ஏற்பது என் கணக்கில் நட்டம்.

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் ஸ்கானரில் படத்தை 16 பிட் டிஃப் கோப்பாக மறுபடி எடுத்தேன். 2.4 கோடி புள்ளிகள் கொண்ட படம், மூன்று நிறங்களும் சேர்ந்து 8 பிட்டில் 72 மெகாபைட் நினைவகம் கேட்கும் இடத்தில், பெறுமானங்களைத் தசம எண்களாக வைக்கும் 32 பிட் மிதவைப்புள்ளிக்கு மாற்றியதும் அடுக்கு ஒன்றுக்கே 288 மெகாபைட் கேட்டது. என் பழைய மடிக்கணினியின் விசிறி நல்லூர்த் திருவிழாவின் நாதஸ்வரத்துக்குக் குறையாமல் முழங்கியது. ஆனால் லெவல்ஸை இழுத்தபோது சீப்புப் பற்கள் இல்லை. கன்னத்து நிழல் நிழலாகவே நின்றது. சால்வைக்கும் வேட்டிக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று எழுந்துவந்தது.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். “உது ஐயான்ர சால்வைக்கரையடா,” என்றார். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறவர்கள் உடனே அனுப்பச் சொன்னார்கள். வட்ஸ்அப்பில் அது 8 பிட் ஜேபெக்காகவே போய்ச் சேர்ந்தது.