ஒட்டு-1: பச்சைப் படையின் துப்பாக்கி

பச்சைப் படையில் சேருகிற எல்லா பிளாஸ்டிக் பொம்மைச் சிப்பாய்க்கும் அரசாங்கம் கொடுப்பது ஒரே துப்பாக்கி, பெயர் ஒட்டு-1. கொடுப்பது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அச்சிலிருந்து அவன் வெளியே விழும்போதே அது அவன் கையோடு ஒட்டிக்கொண்டுதான் விழுகிறது.

வேலூர் லாங் பஜார் பக்கம் பாக்கெட்டில் போட்டு விற்கிற பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கு அக்கா பையனும் நானும் ஒரு நாடு கட்டிக்கொண்டிருக்கிறோம். நாட்டின் பெயர் மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் பச்சைப் படை, அந்தப் பக்கம் மண்ணிறப் படை. கொடி, சம்பளம், கேன்டீன் எல்லாம் அவன் பார்த்துக்கொள்கிறான். ஆயுதத் துறை என்னிடம்.

முதலில் எல்லோரையும் போல நானும் இது எந்தத் துப்பாக்கி என்றுதான் உற்றுப் பார்த்தேன். ஒருத்தன் கையில் அமெரிக்க எம்16 ரைஃபிள் மாதிரி, இன்னொருத்தன் கையில் பழைய 303 ரைஃபிள் மாதிரி, மூன்றாமவன் கையில் இருப்பது துப்பாக்கியா ஒட்டடைக்குச்சியா என்றே தெரியாது. பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. இதை வடிவமைத்தது ராணுவம் இல்லை, அச்சு. இரண்டு பாதி இரும்பு அச்சை மூடி உள்ளே உருக்கிய பிளாஸ்டிக்கைத் தள்ளுகிறார்கள், ஆறியதும் திறக்கிறார்கள், அவ்வளவுதான். திறக்கும்போது அச்சில் மாட்டிக்கொள்ளும் பள்ளமோ துளையோ இருந்தால் பொம்மை வெளியே வராது, அதனால் விசையைச் சுற்றி இருக்கவேண்டிய வளையம் அடைபட்டுக் கிடக்கும், தோள்பட்டை வார் இருக்காது, குண்டு போடும் மேகசின் இருந்தாலும் கழற்றுவதற்கு இல்லை. குழலோ ரொம்பத் தடி. நிஜ 303 சுமார் 113 சென்டிமீட்டர் நீளம், இந்தப் பொம்மைகளின் 32-ல் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கினால் மூன்றரை சென்டிமீட்டர். அதே கணக்கில் குழலையும் சுருக்கினால் அரை மில்லிமீட்டர்தான் வரும், அந்தச் சந்தில் பிளாஸ்டிக் போய் நிறையாது. எனவே மொட்டைமாடி நாட்டில் குழல் தடியாக இருப்பதுதான் சட்டம்.

எங்கள் பெரியப்பா ரிட்டயர்ட் ஹவில்தார். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, துப்பாக்கி பற்றி நாம் தப்பாக வாய் திறந்தால் கேட்க ஆள் உண்டு. பெரியப்பா சிப்பாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "இன்னாடா இது, கோத்ல கையெழுத்து போடாம ரைஃபிள எடுத்துகினு சுத்தறானுங்க? பட் நம்பர் எங்க?" கோத் என்றால் துப்பாக்கிகளைப் பூட்டி வைக்கும் அறை, பட் நம்பர் என்றால் துப்பாக்கியின் பின்கட்டையில் இருக்கும் எண். வேலை முடிந்ததும் துடைத்து, எண் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் யாரும் தூங்கப் போக முடியாது. நம் ஆள் துப்பாக்கியைக் கீழேயே வைக்க முடியாதவன், எங்கே திருப்பிக் கொடுப்பது? கடைசியில் பட் நம்பரையும் ஆள் நம்பரையும் ஒன்றாக்கிவிட்டோம். இந்த வழவழப்பு பிளாஸ்டிக்கில் பெயின்ட் நிற்காமல் உரிந்துவிடும் என்பதால், ஊசியால் பீடத்தின் அடியில் கீறினோம். பெரியப்பாவுக்கு அப்புறம்தான் திருப்தி. இன்னொரு சிக்கலையும் அவர்தான் எடுத்தார், இவர்களால் சரணடையவே முடியாதே, கையைத் தூக்கினால் துப்பாக்கியும் மேலே வரும். அந்தச் சட்டம் இன்னும் எழுதப்படவில்லை.

சுடும் தூரம்தான் உண்மையான தலைவலி. எஸ்எல்ஆர் என்கிற ராணுவ ரைஃபிள் 300 மீட்டரில் நிற்கும் ஆளை அடிக்கும். 32-ல் ஒரு பங்கு என்றால் ஒன்பது மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எங்கள் மாடியே அவ்வளவு நீளம் கிடையாது. அதாவது ஒரு மூலையில் நிற்பவன் எதிர் மூலையில் நிற்பவனைச் சுடலாம், ஒளிய வழியில்லை, அரை நிமிடத்தில் இரண்டு படையும் காலி, பையன் கீழே டிவி பார்க்கப் போய்விடுவான்.

அதனால் வேலூர்க்காரன் செய்யக்கூடியதைச் செய்தேன், 1806-க்குப் போனேன். அன்று கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது கையில் இருந்தது குழலின் வாய்வழியே வெடிமருந்து கிட்டிக்கும் மஸ்கட் துப்பாக்கி, குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் சுழல்வரி கிடையாது, 100 மீட்டரைத் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது. 100 மீட்டர் நம் மாடியில் மூன்று மீட்டர். கச்சிதம்! ஒளியலாம், பதுங்கலாம், தொட்டியைச் சுற்றி வரலாம். நல்ல பயிற்சி உள்ளவன்கூட நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டால் பெரிது, ஆகவே ஒருமுறை சுட்ட சிப்பாய்க்கு அடுத்த ஆட்டம் கிடையாது, மருந்து கிட்டித்துக்கொண்டிருப்பான். பார்க்க எம்16, சுட்டால் மஸ்கட். பையன் இதை அநியாயம் என்றான். விளையாடிப் பார்த்த பிறகு வாயைத் திறக்கவில்லை.

படைக்கு என்ன கொடுக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை என்று இந்த ஊருக்குத் தெரியும். அந்த 1806 ஜூலை 10 எழுச்சிக்குப் பின்னால் இருந்ததே புதுத் தலைப்பாகை, தாடியை எடு, நெற்றியில் குறி இடாதே என்ற உத்தரவுகள்தானே. திப்புவின் குடும்பம் கோட்டைக்குள் இருந்தது உள்பட வேறு காரணங்களும் உண்டு, ஆனால் பற்றவைத்தது தலையில் வைக்கச் சொன்ன பொருள்.

சரி, பராமரிப்பு. அக்னி நட்சத்திர வெயிலில் மாடியில் படையை மறந்துவிட்டு வந்தால் குழல்கள் வெற்றிலைக்கொடி மாதிரி தொங்கும். டம்ளரில் வெந்நீர் எடுத்துத் துப்பாக்கியை முக்கி, இளகியதும் விரலால் நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் விட்டால் நிற்கும். ஆளும் ஆயுதமும் ஒன்று என்பதால் ஆயுதப் பட்டறையும் ஆஸ்பத்திரியும் எங்கள் நாட்டில் ஒரே டம்ளர்தான்.

இப்போது பையன் பயோனெட் கேட்கிறான், அதாவது குழல் முனையில் மாட்டும் கத்தி. ஊசி முனையைச் சூடுகாட்டிக் குழலில் செருகலாம், அழகாகத்தான் இருக்கும், ஆனால் இருட்டில் மாடிப்படியில் அதை மிதிக்கப் போவது நான். ஆயுதத் துறை அந்தக் கோரிக்கையை நிராகரித்துவிட்டது.