மாங்காய்க் கொட்டகையில் பத்து மீட்டர்

காவேரிப்பட்டணம் சாலையில் எங்களுக்கு ஒரு மாங்காய்க் கொட்டகை உண்டு. கடைசி லோடு பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைக்குப் போனதும், அடுத்த சித்திரை வரை அங்கே பல்லிகளுக்கு மட்டும்தான் வேலை. நீளம் 14 மீட்டர். சுடும் இடத்துக்கும் இலக்குக்கும் நடுவே 10 மீட்டர் போக, நாற்காலி போடவும் இடம் இருந்தது. போன ஐப்பசியில் காற்றுத் துப்பாக்கி சுட நான் அதைக் கைப்பற்றினேன்.

காரணம் என் மகள். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் பலூன் சுடும் கடையில் பத்துக்கு இரண்டு அடித்துவிட்டு, "துப்பாக்கி கோணல் அப்பா" என்றாள். எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அவள் சொன்னது உண்மையா என்று எனக்கு அரிக்கத் தொடங்கிவிட்டது. துப்பாக்கி கோணலா, குண்டு கோணலா, கை கோணலா? மூன்றையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வெளிநாடுகளில் இந்தக் கேள்விக்காகவே வாழ்நாளைச் செலவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெடிமருந்தை அளந்து, தோட்டாவைத் தாங்களே நிரப்பி, ஒவ்வொன்றின் வேகத்தையும் குறித்து, எந்த அளவுக்கு எந்தக் குரூப் விழுகிறது என்று பார்ப்பார்கள். ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்டவை தாளில் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதுதான் குரூப். நம் ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி குற்றம். எனக்கு அந்தப் பக்கம் போகும் ஆசையும் இல்லை. 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. வெடிமருந்தைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது ஈயமும் கணக்கும். அது போதும்.

வாங்கியது குழலை மடக்கிச் சுருள்வில்லை அழுத்தும் வகை. போட்டியாளர்கள் இப்போது அழுத்தக் காற்று உருளை பொருத்திய துப்பாக்கிகளைத்தான் வைத்திருக்கிறார்கள். அவற்றின் விலையில் எங்கள் கொட்டகைக்குக் கூரை மாற்றலாம்.

மேசைக்குக் கவலைப்படவில்லை. கிருஷ்ணகிரியில் பிறந்தவனுக்குக் கிரானைட் பலகைக்குப் பஞ்சமா? மெருகேற்றும்போது மூலை உடைந்த ஒரு பலகையைச் சல்லிசாக வாங்கி, ஹாலோ பிளாக் கற்களின்மேல் படுக்க வைத்தேன். இலக்குக்குப் பின்னால் ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே இறுக்கித் திணித்த பழைய சாக்கு, அதற்கும் பின்னால் 3 மி.மீ. தகடு. ஈயக் குண்டு தகட்டில் பட்டுத் திரும்பி வரும் என்பதால், கண்ணாடி அணியாமல் கொட்டகைக்குள் யாருக்கும் அனுமதி இல்லை. மகளுக்கும் அதே சட்டம்தான்.

பக்கத்துத் தோட்டக்காரர் முதல் நாளே எட்டிப் பார்த்தார். "இதற்குக் காட்டுப் பன்றி விழுமா அண்ணா?" என்றார். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டது என்று செய்தி படித்தே வளர்ந்த ஊர். துப்பாக்கி என்றால் வேட்டை என்றுதான் நினைப்பார்கள். காகிதம் மட்டும்தான் விழும் என்றேன். அவர் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது.

குண்டுகளுக்கு வருகிறேன். தட்டைத் தலை, ஒடுங்கிய இடுப்பு, பின்னால் பாவாடை. போட்டிக்கான ஜெர்மன் குண்டுகள் 0.53 கிராம் எடையில் மூன்று தலை அளவுகளில் கிடைக்கின்றன: 4.49, 4.50, 4.51 மி.மீ. நூறில் ஒரு மில்லிமீட்டருக்குத் தனித்தனி டப்பா! வியாபாரத் தந்திரம் என்று சிரித்துக்கொண்டே மூன்றையும் வாங்கினேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மலிவு டப்பாவும் வாங்கினேன்.

வேகம் அளக்கும் குரோனோகிராப்பில் இரண்டு ஒளி உணரிகள் இருக்கும். குண்டின் நிழல் ஒன்றைக் கடந்து மற்றதைக் கடக்க எடுத்த நேரத்தை வேகமாக மாற்றிக் காட்டும். முதல் மாலையில் அது காட்டியவை: விநாடிக்கு 174 மீட்டர், 340, 91, பிழை, 177, 512. ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்றால் ஒலியை முந்திய வேகம். கருவியைத் திருப்பி அனுப்ப அட்டைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. சார்ஜ் விளக்கை ஏற்றி, சும்மா இருப்பானேன் என்று இன்னும் பத்துச் சுட்டேன். 175, 177, 174, 176 என்று சாதுவாக எண்கள் வந்தன.

குற்றவாளி டியூப் லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, உணரிக்குத் தெரியும். அது ஒவ்வொரு மங்கலையும் குண்டு என்று நினைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அளக்கும்போது பேட்டரி விளக்கு மட்டும்தான்.

சராசரி 176 மீட்டர் என்று வைத்தால் ஆற்றல் 8.2 ஜூல். சட்டத்தின் வரம்புக்குப் பாதிகூட இல்லை. மலிவு டப்பாவில் மிக வேகமான குண்டுக்கும் மிக மெதுவானதற்கும் 14 மீட்டர் இடைவெளி. ஜெர்மன் 4.49இல் அது வெறும் 4, 4.50இல் 5, 4.51இல் 6. அடுத்து அளவுக்கு ஐந்து குண்டு வீதம் தாளில் சுட்டேன். துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு வெர்னியரால் அளந்து, குண்டின் விட்டமான 4.5ஐக் கழித்தால் குரூப்பின் அளவு. 4.49க்கு 4.1 மி.மீ., 4.50க்கு 7.2, 4.51க்கு 6. வேகமும் சீராக இருக்கிறது, குரூப்பும் சிறியது. 4.49தான் என் குண்டு என்று நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். அந்தச் சிவப்புக் கோட்டுக்காக மூன்று மாதம் வீணானது.

விரும்பிய குண்டை இன்னும் மெருகேற்ற வேண்டுமல்லவா? எடை பார்த்துப் பிரிக்கலாம் என்று தெருமுனைப் பத்தரிடம் போனேன். அவருடைய தராசு மில்லிகிராம் வரை காட்டும். ஈயம் என்று சொன்னதும் டப்பாவைப் பட்டறைப் பலகையில் வைக்கவே விடவில்லை. தங்கத்தில் துளி ஈயம் கலந்தாலும் அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், தட்டினால் வெடிப்பு விடும் என்றார். கடைசியில் ஓரம் கட்டிவைத்திருந்த பழைய தராசு ஒன்றைக் கொடுத்து, "திருப்பித் தர வேண்டாம். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்" என்று அனுப்பினார். இரண்டாவது அறிவுரையை இன்றுவரை தவறவிட்டதில்லை.

500 குண்டுகள், இரண்டு இரவுகள். 526 மில்லிகிராமிலிருந்து 534 வரை இருந்தன. பழைய மாத்திரை டப்பாக்களில் மில்லிகிராம் வாரியாகக் குடியேற்றினேன். பிறகுதான் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டியது. 10 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு ஏறத்தாழ 0.058 விநாடி ஆகிறது. அதற்குள் ஈர்ப்பு அதைக் கீழே இழுப்பது 16 முதல் 17 மி.மீ. வேகத்தில் 5 மீட்டர் வித்தியாசம் வந்தாலும் குண்டு விழும் உயரம் 1 மி.மீ.கூட மாறாது. எடையிலுள்ள ஒன்றரைச் சதவீத வேறுபாடு வேகத்தை முக்கால் சதவீதம்தான் மாற்றும். தாளில் அது கால் மில்லிமீட்டர். என் குரூப்போ 4, 7 என்று இருக்கிறது. இரண்டு இரவுத் தூக்கத்தைக் கால் மில்லிமீட்டருக்கு விற்றிருக்கிறேன். நூறு, இருநூறு மீட்டருக்குச் சுடுகிறவர்களுக்கு வேகத்தின் சீர் பெரிய விஷயம். அவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு 10 மீட்டர் கொட்டகைக்கு நான் அதைப் பொருத்தப் பார்த்தேன்.

மார்கழியில் திடீரென்று எல்லாம் கெட்டது. குரூப் 20 மி.மீ. வரை விரிந்தது. குளிரைச் சந்தேகித்தேன். விடியற்காலையில் வேகம் பகலைவிட 4 மீட்டர் குறைந்ததும் உண்மைதான். எண்ணெயைச் சந்தேகித்தேன். பத்தரின் தராசைக்கூடச் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால் துப்பாக்கியின் மரக்கட்டையில் முன் திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. சுருள்வில் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னுமாக இரண்டு உதை கொடுக்கும். எந்தத் திருகும் அதற்கு நிலைக்காது. இப்போது ஒவ்வொரு நாளும் சுடும் முன் திருப்புளிக்கு முதல் மரியாதை.

கிரானைட் மேசை செய்த துரோகமும் அதே வாரத்தில்தான் தெரிந்தது. மணல் மூட்டையை அழுத்திக் கல்லைப்போல் இறுக்கி, அதன்மேல் துப்பாக்கியைப் பதித்தால் அசையாது என்று நம்பினேன். இந்த வகைத் துப்பாக்கியிலோ குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே உதை தொடங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் துள்ளும். மூட்டையின்மேல் இடது உள்ளங்கையை விரித்து, அதில் துப்பாக்கியைச் சும்மா கிடத்தி, தோளில் பட்டும் படாமலும் வைத்தபோது குரூப் பாதியாகச் சுருங்கியது. குழந்தையைத் தூங்க வைக்கிற பிடி.

இவ்வளவும் சரியான பிறகும் என் செல்லக் குண்டு 4.49 மறுபடி 4.1 தரவே இல்லை. ஒரு நாள் 7.8, ஒரு நாள் 6.9. ஐந்து குண்டு என்பது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரே டப்பா, ஒரே கை, ஒரே மாலை என்றாலும் ஐந்து குண்டுக் குரூப்பின் அளவு சராசரியிலிருந்து கால் பங்குக்கு மேல் சாதாரணமாகவே ஏறி இறங்கும். பத்துக் குண்டுக் குரூப் சராசரியில் கால் பங்கு பெரிதாகத் தெரியும், பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அதன் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கும். சிறியதாக விழுந்த தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, பெரியதாக விழுந்ததற்கு "விசை இழுத்தது சரியில்லை" என்று நானே மன்னிப்பும் கொடுத்திருக்கிறேன். நோட்டில் அப்படி ஏழு மன்னிப்புகள். எண்ணியது மகள்.

அவள்தான் அடுத்த ஏற்பாட்டையும் சொன்னாள். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் படத்தை மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறவள். போட்டித் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான் என்று எனக்குச் சொல்லித் தந்ததும் அவள்தான். "எந்தக் குண்டு என்று உங்களுக்குத் தெரியக் கூடாது அப்பா. நான் எடுத்துத் தருகிறேன், நீங்கள் சுடுங்கள்" என்றாள். மூன்று மூடிகளில் க, ங, ச என்று எழுதினாள். ஒன்றில் எடை பார்த்த 4.49, ஒன்றில் எடை பார்க்காத 4.49, ஒன்றில் டப்பாவிலிருந்து அப்படியே எடுத்த 4.51. வரிசையை அவளே கலைத்தாள். குண்டு மாறும்போதெல்லாம் குழல் புது ஈயத்துக்குப் பழக, கணக்கில் சேராத பத்துக் குண்டுகள். பிறகு தாளுக்குப் பத்து, மூடிக்கு நான்கு தாள். மாசி மாதத்தின் இரண்டு ஞாயிறுகள் இதற்கே போயின.

எடை பார்த்த 4.49: 9.4, 7.9, 8.8, 10.1. எடை பார்க்காதது: 8.3, 9.7, 9.0, 8.6. இரண்டுக்கும் வேறுபாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. 4.51: 6.2, 7.1, 5.8, 6.9. எடை பார்த்ததன் மிக நல்ல தாளைவிட 4.51இன் மிக மோசமான தாள் நன்றாக இருக்கிறது. வேக இடைவெளி மூன்றிலும் அதிகமாக இருந்த குண்டு அது. சிரித்துக்கொண்டே வாங்கிய நூறில் இரண்டு மில்லிமீட்டர்தான் வேலை செய்திருக்கிறது. குழலுக்குள் தள்ளும்போதே விரலுக்கு அது தெரியும். 4.49 பொத்தென்று விழுந்து உட்காரும். 4.51ஐக் கட்டைவிரலால் கொஞ்சம் அழுத்த வேண்டும். இந்தக் குழலுக்கு அந்த இறுக்கம் பிடித்திருக்கிறது. இதே டப்பா இன்னொரு துப்பாக்கியில் நேர்மாறாக நடந்துகொள்ளலாம்.

மாத்திரை டப்பாக்களை மறுபடி ஒன்றாகக் கொட்டினேன். பத்தரிடம் தராசின் கதையைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "பொன்னுக்கு வைக்கிற மரியாதையை ஈயத்துக்கு வைத்தீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

4.50 டப்பா அப்படியே கிடக்கிறது. ஐப்பசியில் ஐந்தே குண்டில் தீர்ப்பு எழுதி ஒதுக்கிய டப்பா. அது 4.51ஐ முந்தினாலும் முந்தலாம். நான்கு தாள் சுட்டுப் பார்க்கப் போன வாரம் கொட்டகைக்குப் போனபோது வாசலில் கூடைகள் அடுக்கியிருந்தார்கள். செந்தூரா முந்திக்கொண்டு பழுத்துவிட்டது, வைக்கோல் பரப்ப வேண்டும், மேசையை நகர்த்துங்கள் என்றார் தம்பி. கிரானைட்டை நான்கு பேர் தூக்கி ஓரம் வைத்தோம். மகள் 4.50இன் மூடியில் "ஆடி" என்று எழுதி, இரும்புப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு வந்தாள்.