லோக்சைட்டின் சுண்ணாம்புப் பட்டை

செப்டம்பர் 14, 2024, சனி

ஷ்வாண்டனில் ரயிலிறங்கி நடந்தே வந்துவிட்டேன். சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாகாணம். பல வருடம் படத்தில் மட்டும் பார்த்த லோக்சைட் பாறை இது. மேலே பச்சையும் சிவப்புமாக வெருகானோ, மணலும் கூழாங்கல்லும் இறுகிய பாறை, 25 முதல் 30 கோடி வருடப் பழசு. கீழே இருக்கும் கறுத்த ஃபிளிஷுக்கு, அதாவது கடலடியில் மணலும் சேறும் படிந்து இறுகிய பாறைக்கு, 3.5 முதல் 5 கோடி வருடம்தான். பேத்தி மடியில் பாட்டி உட்கார்ந்த கதை!

இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட வராத சுண்ணாம்புக்கல் பட்டை. குறைந்தது 35 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்த மலை இதன்மேல்தான் வந்தது. நான் அதைத் தொட்டபடியே வெகுநேரம் நின்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மறுபடியும் அங்கேதான். 2008 முதல் யுனெஸ்கோ உலக மரபுக் களம், சுத்தியலுக்கு வேலையில்லை. லென்ஸ் போதும்.

பட்டை முழுக்க வெள்ளைக் கால்சைட் நரம்புகள், விரிசல்களில் சுண்ணாம்புக் கனிமம் படிந்து அடைத்த கோடுகள். மடங்கி, இழுபட்டு, பிசைந்த மாவுபோலக் கிடக்கின்றன. கல் உடையாமல் குழைந்து ஓடியிருக்கிறது. ஆனால் அதே பட்டையின் ஊடே கத்தியால் கீறியதுபோல் ஒரு நேர்கோடு. மடிப்புகளை வெட்டிக்கொண்டு போவதால் அது அவற்றுக்குப் பின்னால் வந்தது. முதலில் குழைவு, அப்புறம் வெட்டு.

1884ல் பிரெஞ்சு நிலவியலாளர் மார்செல் பெர்ட்ராண்ட் இந்த இடத்தைப் பார்க்காமலே, பிறர் வெளியிட்டதைப் படித்தே, இது எதிரெதிரே மடிந்து வந்த இரட்டை மடிப்பு அல்ல, பழைய பாறை ஒரே திசையில் புதியதன்மேல் ஏறி நகர்ந்த பெருந்தள்ளல் என்றார். அசந்துபோகிறேன்.

செப்டம்பர் 18, புதன்

ஆய்வகத்தில் பழைய சேகரிப்பிலிருந்து இந்தப் பட்டையின் ஒரு சீவல், ஒளி ஊடுருவும்படி தேய்த்த கல் துண்டு, கொடுத்தார்கள். 0.03 மில்லிமீட்டர் தடிமன். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், குழைந்த பகுதியின் படிகங்கள் சில மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுதான். இவ்வளவு பொடியாக இருந்தால் படிகங்கள் தாம் நசுங்காமலே ஒன்றையொன்று உரசி வழுக்கும். மலையைச் சுமந்து நகர்ந்தது இந்தப் பொடி.

நரம்புகளில் படிகங்கள் பெரிசு. அவற்றில் இரட்டைப்படிகக் கோடுகள், அழுத்தத்தில் படிகத்தின் ஒரு பகுதி கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பும்போது விழுபவை, தடித்து இருக்கின்றன. சுமார் 170 டிகிரிக்குக் கீழே அவை மெல்லியதாகவே நிற்கும். 200க்கு மேல்தான் இப்படித் தடிக்கும். ஆழத்தின் சூடு அப்படியே பதிந்திருக்கிறது.

செப்டம்பர் 19, வியாழன்

அதே சீவலில் இன்று நரம்புகளை வரிசைப்படுத்தினேன். அடையாளமே தெரியாமல் தேய்ந்தவை சில. அவற்றை வெட்டி, பிறகு தானும் மடங்கியது ஒன்று. இரண்டையும் வெட்டிக்கொண்டு வளையாமல் போவது ஒன்று. திரவ அழுத்தத்தில் கல் விரிசல் விட, கால்சைட் வந்து அடைக்க, மறுபடி குழைய, மறுபடி விரிசல். மலை ஒரே மூச்சில் வரவில்லை. கடைசி நரம்பின் ஓரத்தைப் பென்சிலில் வரைந்து வைத்திருக்கிறேன். நாளை அதன் படிகங்களில் கோடுகள் உண்டா என்று பார்க்க வேண்டும்.