நரம்புக்கு என்று சொன்னேன்

“ஆள் குடிப்பாரா மேடம்? காலை எட்டு மணிக்கே கை நடுங்குகிறதே.”

சூப்பர்வைசர் கோபமாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். லேபிள் கோணலாக ஒட்டி ஓரம் சுருங்கிய நான்கு அட்டைப்பெட்டிகளை என் முன்னால் வரிசையாக வைத்திருந்தார். பதில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று எட்டு மாதமாக எண்ணிப் பார்க்கிறேன். மூன்று நொடி இருந்திருக்கும்.

“குடிப்பழக்கமே கிடையாது சார். மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் வருகிற நடுக்கம்.”

“என்ன மாத்திரை?”

“நரம்புக்கு.”

மனநோய் உள்ளவர்களுக்கு வேலை தேடித் தருவது என் பணி. அப்படி வந்த தம்பி (பெயர் வேண்டாம், அப்படியே எழுதுகிறேன்) சாப்பிடுவது லித்தியம், மனநோய்க்கான மருந்து. அதைச் சாப்பிடுகிற பலருக்குக் கை லேசாக நடுங்கும். தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டிவரும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இன்னும் ஆபத்து. உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும். மே மாத வெயில், அம்பத்தூரில் தகரக் கூரை, கழிவறைக்குப் போனால் நேரம் குறித்துவைக்கிற வேலையிடம். அங்கே அவரைச் சேர்த்துவிட்டவள் நான்.

சேருவதற்கு முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “அங்கே சொல்லிவிடாதீர்கள் அக்கா.” சரி என்றேன். அவருடைய தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழையே அவர் வேண்டாம் என்றதும் அதனால்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனநோயையும் 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் 40 சதவீதம் என்று எழுதிய தாளை நீட்டினால்தான் இடஒதுக்கீடு. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமோ நோய் விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. இரண்டுமே போராடிப் பெற்ற சட்டங்கள், இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் மேசைமேல் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டாலும் ஏன் என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

பாட்டிலுக்கு அனுமதி கிடைத்தது. அதை நான் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். மறுநாள் அட்டை வெட்டும் கத்தியை அவரிடமிருந்து வாங்கிவிட்டார்கள். பேக்கிங்கில் கத்தி இல்லாதவருக்கு என்ன வேலை? ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பெட்டி மடித்தார். யாரோ “கீழ்ப்பாக்கமா?” என்று கேட்டிருக்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மனநோயாளிகளைப் பார்த்துவரும் மருத்துவமனை அது. அந்தப் பகுதியின் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறது இந்த ஊர். மனநலத்துக்காக உழைக்கும் அமைப்புகளான ஸ்கார்ஃப் 1984இல், பான்யன் 1993இல் இங்கே தொடங்கின. இத்தனை ஆண்டுப் பேச்சும் அந்தத் தொழிற்சாலை வாசலைத் தாண்டியதாகத் தெரியவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் நின்றுவிட்டார். கணக்கு முடித்து வாங்க நானும் கூடப் போனேன். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் சொன்னார்: “குடிகாரன் என்றே விட்டிருக்கலாமே அக்கா. அங்கே குடிக்கிறவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். யாரிடமும் கத்தியை வாங்கவில்லை.”

குடித்துவிட்டு வருகிறார் என்று முடிவுகட்டியிருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அலுவலகத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். அனுப்பியிருப்பார்களா? அந்த ஆறு பேர் இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

நோயின் பெயரையே சொல்லி, சூப்பர்வைசரை உட்காரவைத்துப் பேசியிருந்தால் கத்தி அவர் கையிலேயே இருந்திருக்குமோ என்றும் தோன்றுகிறது. இதுவும் மற்ற நோய்களைப் போல ஒரு நோய்தான் என்று பதினோரு ஆண்டுகளாகக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசிவருகிறேன். சர்க்கரை வியாதிக்கான மாத்திரையாக இருந்திருந்தால் ‘சர்க்கரைக்கு’ என்று சொல்லியிருப்பேன். ‘நரம்புக்கு’ என்பது என் வாயில் எவ்வளவு எளிதாக வந்தது! அது தம்பியின் ரகசியத்தைக் காப்பாற்றச் சொன்னதா, எனக்கே கூச்சமாக இருந்ததாலா?

இன்னொன்றும் உண்டு, இதை எழுதக் காரணமே அதுதான். சூப்பர்வைசர் கேட்டபோது தம்பி இருபதடி தள்ளி, எங்களைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். “அவரையே கேளுங்கள் சார்” என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது யாரைச் சேர்த்தாலும் எதை, யாரிடம், எவ்வளவு சொல்வது என்று முன்கூட்டியே அவர்களோடு உட்கார்ந்து எழுதிக்கொள்கிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் “குடிப்பாரா?” என்று ஒருவர் கேட்பார் என்பதை அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

போன மாதம் தம்பியைப் புரசைவாக்கத்தில் பார்த்தேன். ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, தானாகத் தேடிக்கொண்டது. டீ வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

“கடைக்காரரிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?”

டம்ளரைக் கீழே வைத்தார். “அதை நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா.”