பொடோமாக் கரையில் ஒரு மூவிலைக் கொடி

அமெரிக்காவின் மேரிலாந்தில் பொடோமாக் ஆற்றை ஒட்டிச் செல்லும் பழைய சி அண்ட் ஓ கால்வாயின் கரையில், முன்பு கோவேறு கழுதைகள் படகிழுத்த தடத்தில், சென்ற ஜூன் மாதம் இரண்டாவது முறையாக நடந்தேன். மரத்தில் மயிரடர்ந்த கயிறுபோல ஏறியிருந்த கொடியைக் காட்டி, அதுதான் பாய்சன் ஐவி, தொட்டால் தோல் அரித்துக் கொப்புளிக்கும் என்று நண்பர் எச்சரித்தார். மூன்று மூன்றாக இலைகள். நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். முந்தைய ஆண்டு இதே கொடியை விலக்கிக்கொண்டுதான் ஆற்றில் இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லி, படம் எடுப்பதற்காக மறுபடியும் அதை ஒதுக்கிப் பிடித்தேன்.

உண்மையில் உடம்பு முந்தைய ஆண்டே பாடம் படித்து முடித்திருந்தது. இக்கொடியின் பாலில் உள்ள யூருஷியால் என்னும் எண்ணெய், அமிலம்போலத் தானே தோலை அரிப்பதில்லை. சில நிமிடங்களில் தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, நம் சொந்தப் புரதமே வேற்றுப்பொருளாகத் தோன்றிவிடுகிறது. தோலில் காவலிருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அந்த அடையாளத்தை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச்சென்று, நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த வெள்ளணுக்களான டி செல்களிடம் காட்டுகின்றன; அவற்றுள் ஒரு பகுதி ஆண்டுக்கணக்கில் அதை நினைவில் வைத்திருக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் மாங்காய்க் காம்பில் வடியும் பாலும் இதே தாவரக் குடும்பத்தின் சொத்துதான்.

மறுநாள் இரவு வரை கையில் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் விடியலில், இலை உரசிய வழியே கோடு கிழித்ததுபோல் முன்கையில் சிவந்த தடிப்பு. பகலுக்குள் அதன்மேல் வெந்த ஜவ்வரிசி போன்ற கொப்புளங்கள். மருந்துக்கடையில் வாங்கிய அலர்ஜி மாத்திரையால் உறக்கம் வந்ததே தவிர அரிப்பு அடங்கவில்லை. தும்மலுக்கும் காணாக்கடிக்கும் காரணமான ஹிஸ்டமினைத்தான் அது தடுக்கும். இங்கோ டி செல்கள் திரண்டு வந்து, எண்ணெய் ஒட்டிய தோல் செல்களையே அழித்துக்கொண்டிருந்தன. திரள நேரம் பிடிப்பதால்தான் இரண்டு நாள் தாமதம். மருத்துவர் தந்த ஸ்டீராய்டு களிம்பு அந்தப் படையெடுப்பைத் தணித்தது.

ஐந்தாம் நாள் கணுக்காலிலும் தடிப்பு கண்டதும், கொப்புள நீர் பட்டுப் பரவுகிறதோ என்று அஞ்சினேன். அந்த நீர் நம் உடம்பிலிருந்து ஊறுவது, அதில் யூருஷியால் கிடையாது என்றார் மருத்துவர்; நடைக்குப் பிறகு எதைத் தொட்டீர்கள் என்று கேட்டார். நினைத்துப் பார்த்தால், தினமும் காலையில் அதே ஷூவைத்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். அன்று மாலை கையுறை போட்டுக்கொண்டு, ஷூவையும் அதன் கயிறுகளையும் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவினேன்.