ஒரு கிழமை தள்ளி

2025 ஜனவரியில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு தாள்களை ஒட்டினேன். ஒன்று வேலை அட்டவணை. இன்னொன்று மே 25, ஞாயிற்றுக்கிழமை கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் ஓடப்போகும் என் முதல் மாரத்தானுக்கான 18 வாரப் பயிற்சி.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒரு வார இறுதி வேலை, அடுத்த வார இறுதி லீவு. பயிற்சித் தாளில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் லாங் ரன், அந்த வாரத்தின் நீண்ட ஓட்டம். ஆக 18 ஞாயிறுகளில் 9 அன்று, நான் ஓட வேண்டிய நேரத்தில் யாரையாவது குளிப்பாட்டிக்கொண்டோ கஞ்சி ஊட்டிக்கொண்டோ இருப்பேன். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு மூன்று மணிக்கு வெளியே வந்தால், ஜனவரியில் இரண்டு மணி நேரத்தில் இருட்டிவிடும். திருச்சியில் வளர்ந்தவளுக்கு ஐந்து மணி இருட்டு பழக இரண்டு குளிர்காலம் ஆனது.

எங்கள் இல்லத்தில் சமையலறையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் மூன்று மாரத்தான் ஓடியவர். அவர்தான் எனக்கு வழிகாட்டி.

பிப்ரவரி நடுவில் டொராண்டோவில் அடுத்தடுத்து இரண்டு பனிப்புயல்கள். இரண்டாவது, 15ஆம் தேதி சனிக்கிழமை ஆரம்பித்து ஞாயிறு முழுக்கக் கொட்டியது. அது என் லீவு ஞாயிறு, 16 கிலோமீட்டர் ஓட வேண்டிய நாள். அக்காவுக்குப் போன் போட்டேன். "ஒரு கிழமை தள்ளிப் போடுங்கோ, ஒண்டும் குறையாது" என்றார்.

எனக்குக் கிழமை என்றால் திங்கள், செவ்வாய். ஒரு கிழமை தள்ளி என்றால் ஞாயிறு போய்த் திங்கள். மறுநாள் ஃபேமிலி டே, ஒன்டாரியோ மாகாணம் முழுக்க விடுமுறை. கிளம்பிவிட்டேன். நடைபாதை பல இடங்களில் பனிக்கு அடியில் இருந்தது. வழித்துத் தள்ளிய பனி முழங்கால் உயரத்துக்குச் சாலையோரம் குவிந்து கிடந்தது. ஆறாவது கிலோமீட்டரில், அப்படி ஒரு குவியலைத் தாண்டும்போது இடது கணுக்கால் மடங்கிவிட்டது. பஸ்ஸில் வீடு திரும்பினேன். அக்கா பதறிப்போனார். அவர் ஊரில் கிழமை என்றால் ஏழு நாள், ஒரு வாரம். அடுத்த ஞாயிறைத்தான் சொல்லியிருக்கிறார். இருவரும் நாள் முழுக்கத் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம், இந்த ஒரு சொல்லைக் கவனிக்கவே இல்லை. அதற்குப் பிறகு தேதி போட்டுத்தான் பேசுவோம்.

நல்லவேளை, ஒன்பது நாளில் வீக்கம் வடிந்தது. ஒன்பது நாள் விட்டுப்போனதே என்று அந்த 16-ஐயும் அடுத்த வாரத்து ஓட்டத்தையும் ஒரே வாரத்துக்குள் திணிக்கப் பார்த்தேன். அக்கா விடவில்லை. விட்டுப்போன லாங் ரன் போனதுதான், துரத்திப் பிடிக்கக் கூடாது என்றார். அவர் சொன்ன கணக்கு எளிமையானது. நீண்ட ஓட்டத்தில் தசை நார்கள் நைந்துபோகும், உடம்பில் சேர்த்துவைத்த மாவுச்சத்தும் வற்றும். இரண்டும் சரியாக இரண்டு மூன்று நாளாவது வேண்டும். அதனால் ஓட்டத்தை எந்த நாளுக்கும் நகர்த்தலாம், ஆனால் முன்னாலும் பின்னாலும் லேசான நாட்கள் இருக்க வேண்டும். நகர்த்தியதால் இரண்டு லாங் ரன் நெருங்கிவிட்டால் ஒன்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும். காய்ச்சலென்றால் ஓடவே கூடாது.

நைட் ஷிஃப்ட் முடித்த காலையில் ஓடக் கூடாது என்பதை மட்டும் நானாகக் கற்றுக்கொண்டேன். இருபத்திரண்டு கிலோமீட்டருக்குக் கிளம்பி, பதினைந்தில் தலை சுற்றி ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தேன். தூக்கமும் பயிற்சியில் சேர்த்திதான் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

மார்ச் 9 அன்று, மாலை வெளிச்சம் நீளட்டும் என்று இங்கே வருஷா வருஷம் செய்வதுபோல், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். போன வருஷங்களில் தூக்கம் போகிறதே என்று எரிச்சலாக இருந்த விஷயம், இந்த முறை வரமாக வந்தது. மாலை ஏழு மணி வரை வெளிச்சம்! மூன்று மணிக்குக் காலை ஷிஃப்ட் முடித்தாலும் இருட்டும் முன் ஓடலாம், லீவாக இருக்கும் செவ்வாய், புதன்களில் அவசரமில்லாமல் நடுப்பகலில் ஆரம்பித்து வெயிலோடு முடிக்கலாம். அப்புறம் மார்ச் கடைசி வார இறுதியில் உறைமழை. மழையாக விழுந்து, தரையைத் தொட்டதும் கண்ணாடியாக உறைந்துவிடும். இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. பென்சிலை எடுத்து ஞாயிறை அடித்துப் புதனில் எழுதினேன்.

கடைசிப் பெரிய ஓட்டம் 32 கிலோமீட்டர், மாரத்தானுக்கு மூன்று வாரம் முன்பு, மே 4. அது வேலை ஞாயிறு. மே 1, வியாழக்கிழமைதான் தோதாக இருந்தது. அதற்காக ஏப்ரல் 27 ஓட்டத்தை 12 கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டேன். ஊரில் மே தினம் விடுமுறை, இங்கே சாதாரண வேலைநாள். பள்ளிக்கூடப் பைகளும் காபிக் கோப்பைகளுமாக நிரம்பிய பஸ்ஸில், ஓட்டக் காலணியோடு நான் மட்டும். ஆஷ்பிரிட்ஜஸ் பே-யில் இறங்கி, ஏரியை ஒட்டிய மார்ட்டின் குட்மன் பாதையில் மேற்கே ஹம்பர் ஆற்றின் வெள்ளை வளைவுப் பாலம் வரை போய்த் திரும்பினேன். இடுப்புப் பையில் பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும். குளிர்காலத்தில் கல்லாக இறுகிப்போன மிட்டாய் இப்போது கடிக்க வந்தது. மிச்சத் தூரத்தைக் கரையோர மரப்பலகைப் பாதையில் முடித்தபோது நான்கு மணி நேரம் ஐந்து நிமிடம். அக்காவுக்குப் படம் அனுப்பினேன். "வடிவா ஓடியிருக்கிறியள்" என்று பதில் வந்தது.

மே 25 என் லீவு ஞாயிறு, அதைப் பார்த்துத்தான் பதிவே செய்தேன். ஆனால் மறுநாள் திங்கள் காலை ஏழு மணி ஷிஃப்ட். படி இறங்கக்கூடக் கால் ஒத்துழைக்காது என்று அக்கா சொல்லியிருந்தார். உடன் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் தோழி அந்த ஷிஃப்டை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தாள். பதிலுக்கு ஜூனில் ஒரு சனிக்கிழமை, அவள் மகளின் பட்டமளிப்பு நாளில், நான் அவளுக்காக நிற்க வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் அந்தத் தேதியையும் எழுதிவைத்திருக்கிறேன்.