கொழும்பு வெயிலில் மைனஸ் 40

பஞ்சிகாவத்தையில் வெயில் மண்டையைப் பிளக்குது. வண்டியின் கோளாறு பார்க்கிற ஸ்கேனர் திரையிலோ எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் நீரின் சூடு மைனஸ் 40 பாகை!

"சென்சர் போச்சு, மாத்துவம்" என்றான் கராஜ் பெடியன்.

பாஸ் மீற்றரை எடுத்தார். ஆறிக் கிடந்த எஞ்சினில் சென்சரின் மின்தடை சுமார் 2 கிலோ ஓம் காட்டியது. சூடேற ஏற அது சில நூறு ஓமுக்கு இறங்கவேண்டும், இறங்கியது. சென்சரில் பிழையில்லை.

அப்புறம் சென்சரிலிருந்து கழற்றிய வயர் பிளக்கின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தார். வயர் சரியென்றால் திரையில் சூடு உச்சத்துக்குப் பாயவேண்டும். அசையவில்லை.

வயர்தான் அறுந்திருக்கு. பிளக்குக்குள் ஒரு முனை பச்சையாய் உளுத்துப்போயிருந்தது.

குளிரில் நிற்கிறோம் என்று நம்பி வண்டியின் கம்ப்யூட்டர் பெற்றோலை ஊற்றியபடியே இருந்திருக்கிறது. விற்கிற விலைக்கு!

ஸ்கேனர் இடத்தைத்தான் சொல்லும், குற்றவாளியைச் சொல்லாது. பாதிக் கராஜ்களில் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.